ஓரிடத்திற்கு இரு வாக்கு

ஓர் உறையில் இரண்டு கத்தி புகா என்பது நம் முன்னோர் கண்ட முதுமொழி. ஓரிடத்திலே ஒரு வேளையிலே இரண்டு கூட்டங்கள் நடைபெறா என்பதும் அதனையொத்த உண்மையே. இதனை அறியாதார் நம் கல்லூரியில் ஒருவரும் இலர். ஆயினும், ஒரே மண்டபத்தின் வாயிலில், ஒரே மாலைப் பொழுதில், இரு சாரார் தத்தம் அழைப்பிதழைக் கையிலேந்தி ஒருவரையொருவர் நோக்கித் திகைத்து நிற்கும் காட்சியை நாம் காணாத கல்வியாண்டு இல்லை. அறிந்த உண்மைக்கு மாறாக நாம் அடிக்கடி நடந்து வருவதற்குக் காரணம் யாது? அதனால் விளையும் தீங்கு எத்தன்மைத்து? அதனைத் தவிர்க்கும் வழி உண்டா? இம்மூன்றனையும் குறித்து என் சிற்றறிவிற்கு எட்டியவற்றை, ஆசிரியப் பெருமக்களுக்கும், முன்னாள் மாணவர்களாகிய பெரியோர்களுக்கும், உடன் பயிலும் நண்பர்களுக்கும் இவ்வாண்டு மலரின் வாயிலாக எடுத்துரைக்க விழைகின்றேன்.

பிறர் பிழையைப் பேசுமுன் தன் பிழையைப் பேசுதல் முறைமையாகலின், அதனையே முதற்கண் கூறுவேன். சென்ற கல்வியாண்டில் நம் தமிழ் மன்றத்தின் செயலாளனாக இருக்கும் பேறு எனக்கு வாய்த்தது. தை மாதத்து இறுதியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை மூன்று மணிக்குச் சிறப்புச் சொற்பொழிவு ஒன்று நடத்துவதாக முடிவு செய்தோம். நெடுங்காலம் சிற்றூர்ப் பள்ளிகளில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர், எங்கள் வேண்டுகோளுக்கு இசைந்து வருவதாக ஒப்புக்கொண்டார். நான் உடனே சிறிய மண்டபத்திற்குச் சென்று, அங்குப் பல்லாண்டுகளாகப் பணிபுரியும் காவலரிடம், "அண்ணே, அடுத்த வெள்ளிக்கிழமை மாலை மண்டபம் எங்கள் மன்றத்திற்கு வேண்டும்" என்றேன். அவரும், "அதற்கென்ன தம்பி, திறந்து வைக்கிறேன்" என்றார். அவ்வளவே நான் செய்த ஏற்பாடு. எழுதி வைக்குமாறு நான் அவரைக் கேட்கவில்லை. அலுவலகத்திற்குச் சென்று வினவவும் இல்லை.

குறித்த நாளில் அப்பெரியவர் இரண்டு பேருந்துகள் மாறி, உச்சிவெயிலில் வந்து சேர்ந்தார். அவர் தோளில் ஒரு துணிப்பை. அதனுள்ளே தம் கைப்பட எழுதிய பதினெட்டுத் தாள்கள். அவரை அழைத்துக்கொண்டு மண்டபத்தை அணுகியபோது, உள்ளே விளக்கணைத்து, திரையில் படங்கள் காட்டி, அறிவியல் துறை ஒன்றின் கருத்தரங்கு நடந்துகொண்டிருந்தது. அத்துறையினர் பதினைந்து நாட்களுக்கு முன்னரே அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்து, ஒப்புதல் பெற்று, பதிவேட்டில் எழுதுவித்திருந்தனர். அவர்கள்பால் குற்றம் ஒன்றுமில்லை. காவலரோ, அன்று காலையிலேதான் அலுவலகத்தார் தமக்கு அறிவித்தனர் என்றும், எங்களைத் தேடியும் காணவில்லை என்றும் கூறி மனம் நொந்தார். அவர்பாலும் பெரிய குற்றம் காண்டற்கில்லை.

காலியான வகுப்பறை ஒன்றைத் தேடி ஓடினேன். அன்று மாதிரித் தேர்வு நடந்தமையால் ஓரறையும் கிடைத்திலது. முடிவில், நூலகத்தின் பின்புறத்து வேப்பமரத்தடியில் பெஞ்சுகளை இழுத்துப் போட்டுக் கூட்டத்தைத் தொடங்கினோம். ஒலிபெருக்கி இல்லை. மதிலுக்கு அப்பால் பேருந்துகளின் இரைச்சல் ஓய்ந்தபாடில்லை. நூறு பேருக்கு மேல் வருவர் என எதிர்பார்த்த கூட்டத்திற்கு முப்பதின்மரே வந்தனர். ஏனையோர் மண்டபத்தின் வாயில்வரை சென்று திரும்பிவிட்டனர். பெரியவர் குரலை உயர்த்திப் பேசிப் பேசி, ஆறாம் தாள் முடிவதற்குள் தொண்டை கம்மி, எஞ்சியவற்றை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். எங்களைக் கடிந்து ஒரு சொல்லும் சொன்னாரில்லை. "மரநிழல் நன்றாகத்தான் இருந்தது தம்பி" என்று மட்டும் கூறி, பேருந்து நிலையத்திற்குப் புறப்பட்டார். படிக்கப்படாத அந்தப் பன்னிரண்டு தாள்களும் என் நெஞ்சை விட்டு இன்றளவும் அகன்றில.

இந்நிகழ்ச்சியிற் பொய் சொன்னவர் ஒருவருமில்லை என்பதனை நண்பர்கள் கவனித்தல் வேண்டும். அலுவலகத்தார் கொடுத்த வாக்கும் மெய். காவலர் கொடுத்த வாக்கும் மெய். இரண்டு மெய்யும் கூடி ஒரு பொய்யாயின. அங்ஙனம் ஆயதற்குக் காரணம், ஓரிடத்திற்கு இரண்டு கணக்குகள் இருந்தமையே. ஒன்று அலுவலகத்துப் பதிவேட்டில் இருந்தது. மற்றொன்று காவலரின் நினைவில் இருந்தது. இக்காலத்தில் மூன்றாவதொன்றும் இவற்றோடு சேர்ந்துள்ளது. கைப்பேசியில் உலவும் வாட்ஸ்அப் குழுவே அஃது. அதிலே ஒருவர் 'வெள்ளிக்கிழமை மண்டபம் நமக்கு' என்று ஒரு வரி எழுதுவர். நாற்பது பேர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவர். அத்தோடு மண்டபம் தமதாகிவிட்டது என்றே யாவரும் எண்ணி மகிழ்வர். கட்டைவிரல் எத்தனை உயரினும் அது பதிவேடு ஆகாது. ஆகவே, இருமுறை இடங்கொடுக்கும் இப்பிழை மறதியினால் மாத்திரம் விளைவதன்று. கணக்கு ஒன்றாயிராமையால் விளைவது என்பதே என் முதற் கருத்து.

இப்பாடத்தை உலகிற்கு மிகக் கடுமையாகக் கற்பித்தது புகைவண்டிப் பாதையாகும். ஒற்றைத் தண்டவாளப் பாதையும் மண்டபம் போன்றதே. இரு நிலையங்களுக்கு இடையில் ஒரு வேளைக்கு ஒரு வண்டியையே அஃது ஏற்கும். இங்கிலாந்து தேசத்தில் நாரிச் நகரை அடுத்த தோர்ப் என்னுமிடத்தில், 1874-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 10-ஆம் நாள் இரவு நிகழ்ந்ததை இங்கு எடுத்துக் கூறுதல் தகும். தாமதித்து வந்த இலண்டன் விரைவு வண்டியை நாரிச் நிலையத்தார் ஒற்றைப் பாதையிற் செல்ல விடுத்தனர். அதற்குச் சற்று முன்னரே, எதிர்த்திசையில் நின்றிருந்த அஞ்சல் வண்டியை வரவிடுமாறு அடுத்த நிலையத்திற்கு அவர்களிடமிருந்தே தந்தி போயிருந்தது. அத்தந்தியில் மேற்பார்வையாளர் கையொப்பம் இட்டிருக்கவில்லை. தம் கையொப்பமின்றிச் செய்தி போகாது என்று அவர் எண்ணினார். அவர் வாய்மொழியே போதும் என்று தந்தி எழுத்தர் எண்ணினார். பிழை வெளிப்பட்டபின், வண்டியை நிறுத்துமாறு மறுதந்தி விரைந்தது. வண்டி புறப்பட்டுவிட்டது என்னும் விடையே வந்தது. அதன்பின் எவரும் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. இரு வண்டிகளும் இருளில் நேருக்கு நேர் மோதின. 25 பேர் மாண்டனர்.

இக்கோர நிகழ்ச்சியின் பின்னர், எட்வர்டு டயர் என்னும் பொறிவல்லுநர் 1878-இல் ஒரு கருவியை அமைத்தார். பாதையின் இரு முனைகளிலும் உள்ள நிலையங்களில் இரு பெட்டிகள் இருக்கும். அவை மின்கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். அவற்றுள் ஏதேனும் ஒன்றிலிருந்து வில்லை ஒன்றை எடுத்துவிட்டால், அவ்வில்லை மீண்டும் ஏதேனும் ஒரு பெட்டியிற் சேரும்வரை, இரண்டிலிருந்தும் வேறு வில்லை வெளிவாராது. வில்லையைக் கையிற் பெறாத ஓட்டுநர் அப்பாதையிற் செல்லுதல் கூடாது. நம் நாட்டு ஒற்றைப் பாதைகளிலும் இவ்வகை முறை நெடுங்காலம் வழங்கிற்று. டோக்கன் கோத்த வளையத்தை நிலையத்தார் நீட்ட, ஓடும் எஞ்சினிலிருந்தபடியே அதனைக் கைநீட்டிப் பற்றிச் செல்லும் காட்சியை நம் முன்னாள் மாணவருள் மூத்தோர் பலர் கண்டு களித்திருப்பர். அவ்வளையத்தின் உட்பொருள் யாது? மனிதர் எத்துணை நல்லவராயினும், அவர் நினைவை நம்பி ஓரிடத்தை இருவர்க்குத் தர இடமளித்தல் ஆகாது. இடத்திற்கு அடையாளம் ஒன்றே ஒன்று இருத்தல் வேண்டும். அஃது எவர் கையில் உளதோ அவர்க்கே இடம் என்பதாம்.

கணக்கு ஒன்றாயினும், நாளையும் பொழுதையும் குறிக்கும் மொழி இரண்டுபடுமாயின் அங்கும் இப்பிழை நுழையும். திங்கட்கிழமையன்று ஒருவர் 'அடுத்த வெள்ளி' என்றால், நான்கு நாளிற் வருவதையா, பதினொரு நாளிற் வருவதையா அவர் குறித்தார் என்று எங்ஙனம் அறிவது? நம் பழைய வழக்கில் நாள் என்பது ஞாயிறு தோன்றுங்காற் பிறப்பது; ஆங்கிலக் கணக்கிலோ அது நள்ளிரவிற் பிறக்கின்றது. ஆகவே 'வெள்ளி இரவு இரண்டு மணி' என்று நம் வீட்டுப் பாட்டியார் சொல்லும் வேளை, புகைவண்டி அட்டவணையில் சனிக்கிழமையாகிவிடுகின்றது. இரவு 12 மணி கடந்து 10 நிமிடத்தில் புறப்படும் வண்டிக்குப் 15-ஆம் தேதியிட்ட சீட்டை வைத்துக்கொண்டு, 15-ஆம் நாள் இரவு உணவு முடித்து நிலையத்திற்கு வந்து, தம் வண்டி முன்னை இரவே போய்விட்டது என்றறிந்து ஏங்கி நின்றோர் பலர். அன்றியும், ஒரு கூட்டம் நான்கு மணிக்கு முடியும் என்றும் அடுத்த கூட்டம் நான்கு மணிக்குத் தொடங்கும் என்றும் எழுதுவோர், நாற்காலிகளை மாற்றவும் குப்பையைக் கூட்டவும் வேண்டிய நேரத்தை எவர் கணக்கில் எழுதினர்? கூட்டுவாரும் மனிதரே அன்றோ?

இதுகாறும் கூறியவை அறியாது நேர்வன. அறிந்தே ஓரிடத்தை இருவர்க்கு விற்போரும் உலகில் உளர். பயணச்சீட்டு வாங்கியவருட் சிலர் வாராமற் போவர் என்று கணக்கிட்டு, இருக்கைகளின் தொகைக்கு மேற்பட்ட சீட்டுகளை விமானக் கம்பெனிகள் விற்பது யாவரும் அறிந்த வழக்கம். 1972-ஆம் ஆண்டு ஏப்ரலில், நுகர்வோர் உரிமைக்குப் போராடிப் புகழ்பெற்ற ரால்ப் நேடர் என்னும் அமெரிக்கர், வாஷிங்டனிலிருந்து ஹார்ட்போர்டு நகரத்திற்குச் செல்ல உறுதி செய்த சீட்டோடு விமான நிலையம் சென்றார். அந்நகரத்தை அடுத்து ஒரு கூட்டத்தில் அவர் பேசுதற்கிருந்தார். இருக்கைக்கு மேற்பட விற்றுவிட்டமையால் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கம் பயணிகளுக்கு வெளிப்படுத்தப்படாமையால் நேர்ந்த ஏமாற்றுக்காக அவர் நீதிமன்றத்தில் ஈடு கோருதற்குத் தடையில்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1976-இல் தீர்ப்பளித்தது. இதற்கு முன்னரே, 1968-இல், ஜூலியன் சைமன் என்னும் பொருளியலறிஞர், இடம் போதாதவிடத்து எவரையும் வலிந்து இறக்காமல், தக்க தொகை பெற்றுத் தாமே விட்டுக்கொடுப்பாரைக் கேட்டறிதல் வேண்டும் என்று எழுதியிருந்தார். முதலில் எவரும் செவிசாய்த்திலர். 1978-இல் அக்கருத்தே அந்நாட்டில் விதியாயிற்று. நம் நாட்டிலும் 2010-இல் விமானப் போக்குவரத்துத் துறையினர் இவ்வாறே, முதலில் விருப்பமுடையாரைக் கேட்க வேண்டும் என்றும், மறுக்கப்பட்டார்க்கு ஈடு தரவேண்டும் என்றும் விதித்தனர்.

விதி இருந்தும் நெஞ்சில் நேர்மை இல்லையாயின் பயன் சிறிதே. 2017-ஆம் ஆண்டு ஏப்ரலில் சிக்காகோ நகரத்தில், விமானத்தில் ஏறி அமர்ந்துவிட்ட மருத்துவர் ஒருவரை, தம் பணியாளர் நால்வர்க்கு இடம் வேண்டுமென்பதற்காக இழுத்து வெளியேற்றினர். அவர் முகத்தில் குருதி வழிந்த காட்சியைக் கைப்பேசிகள் உலகெங்கும் காட்டின. கொடுத்த இடத்தைத் திரும்பப் பறித்தல் எத்தகைய இழிசெயல் என்பதனை அன்று பலர் உணர்ந்தனர்.

இதனோடு நம் இரயில்வேயார் கையாளும் முறையை ஒப்பிட்டுப் பார்ப்போம். முற்காலத்தில் அந்தந்த நிலையத்தில் தடித்த பேரேடுகளில் எழுதியே இடம் ஒதுக்கினர். 1986-இல் தில்லியில் கணினி வழி முன்பதிவு நடைமுறைக்கு வந்து, பின்னர் நாடெங்கும் பரவிற்று. 2002-இல் இல்லத்திலிருந்தபடியே இணையத்திற் சீட்டுப் பெறும் வசதியும் தொடங்கிற்று. இருவர் இருவேறு ஊர்களிலிருந்து ஒரே கணத்தில் ஒரே படுக்கையைக் கேட்பினும், ஒருவர்க்குக் கொடுத்து முடியும்வரை மற்றவரைக் காத்திருக்கச் செய்யுமாறு அக்கணினி அமைந்துள்ளது. டயரின் வில்லையே இங்குக் கணக்காக மாறிற்று எனலாம். இடம் தீர்ந்தபின் வருவோர்க்கு, உட்கார இடம் உண்டு, படுக்கை பின்னர்க் கிடைப்பின் கிடைக்கும் என்று சீட்டிலேயே அச்சிட்டுத் தருகின்றனர்; ஆர்.ஏ.சி. என்பது அதுவே. பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கை ஒன்றில் முன்பின் அறியாத இருவர் இரவு முழுதும் முழங்கால் இடிக்க அமர்ந்து செல்வர். அதிற் சௌகரியம் குறைவு. ஆயின் வஞ்சனை இல்லை. உறுதியில்லாததை உறுதியில்லை என்று முன்னரே சொல்லிவிடுவதால், ஏறுவோர் அறிந்தே ஏறுகின்றனர். இவ்வொரு நேர்மையை நம் கல்லூரி மண்டபத்திற்கும் கொணர்தல் ஆகாதா?

இனி, இப்பிழை நேர்ந்தபின் நிகழ்வதே எனக்கு மிக்க வருத்தம் தருவது. இரு கூட்டங்கள் எதிர்ப்பட்டால் விலகிச் செல்வது எது? முதலிற் கேட்டது எது என்று எவரும் ஆராய்வதில்லை. பெரிய மாலை வாங்கியவர், காரில் விருந்தினரை அழைத்து வந்தவர், அலுவலகத்தில் செல்வாக்குடையவர் ஆகியோரே உள்ளே செல்கின்றனர். முதலாண்டு மாணவரின் வாசகர் வட்டம், விடுதிப் பணியாளரின் மாதாந்தக் கூட்டம், எளியோரின் நாடக ஒத்திகை ஆகியவையே மரத்தடியைத் தேடிச் செல்கின்றன. அன்று எங்களுக்கு நேர்ந்தது என் பிழையால் நேர்ந்தது, கருத்தரங்கினர் முந்தியவர், அவர் உள்ளிருந்தது நீதியே. ஆனால் முந்தியவராயிருந்தும் வெளியே நின்றோரையும் நான் கண்டிருக்கின்றேன். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 48-ஆம் பிரிவில், ஒரே நிலத்தின்மீது ஒருவர் வெவ்வேறு காலத்தில் இருவர்க்கு உரிமை வழங்கி, இரண்டும் ஒருங்கு செல்லாவிடின், பிந்தியது முந்தியதற்கு அடங்கியதே என்று கூறுகின்றது. நிலத்திற்கு உரிய இந்நீதி, ஒரு மாலைப்பொழுதிற்கு மட்டும் ஏன் பொருந்தாது? எளியவனுக்கு அந்த ஒரு மாலையே நிலம்.

இதற்கு எதிராகச் சிலர் கூறுவனவற்றையும் நான் கேட்டதுண்டு. மதிப்பிற்குரிய பெரியோர் முன்னறிவிப்பின்றி வருங்கால் மண்டபத்தை மறுப்பது எங்ஙனம் என்பர். மறுக்க வேண்டா, முன்னர்ப் பெற்றவரை அழைத்து, நிலைமையை விளக்கி, அவருக்கு ஒப்பானதோர் இடத்தைத் தேடிக் கொடுத்து, அவர் இசைந்தபின் மாற்றுக. கேட்டுப் பெறுதல் வேறு. கேளாது பறித்தல் வேறு. எழுத்தும் விதியும் மிகுந்தால் ஒரு குடும்பம் போன்ற நம் கல்லூரியில் அன்பு குன்றும் என்பர் வேறு சிலர். அன்பு மிகுந்த குடும்பங்களிலும் நிலப்பத்திரத்தை எழுதியே வைக்கின்றனர். எழுதி வைத்தமையாலேயே அவ்வன்பு பல தலைமுறை நிலைத்ததும் உண்டு. இன்னும் சிலர், மண்டபத்தைப் பதிவு செய்துவிட்டுப் பயன்படுத்தாமல் விடும் சங்கங்கள் பல உள்ளனவே என்பர். இஃது உண்மையான குறை. இதனை நான் மறுக்கேன். ஒரு கூட்டத்திற்கு மூன்று நாட்களைப் பிடித்து வைத்து, இரண்டைச் சொல்லாமற் கைவிடும் வழக்கம் மாணவராகிய நம்மிடமே மிகுதி. வாராதாரை எண்ணியே விமானக் கம்பெனிகளும் மிகுதியாக விற்கத் தொடங்கின என்பதனை நினைந்தால், இருமுறை கொடுப்பவன் பிழைக்கு இருமுறை வாங்குபவனும் பங்காளி என்பது விளங்கும்.

ஆதலின், கல்லூரி முதல்வர் அவர்களும் ஆட்சிக் குழுவினரும் ஆராய்ந்து பார்க்குமாறு சில யோசனைகளைப் பணிவோடு முன்வைக்கின்றேன். முதலாவது, மண்டபம், விளையாட்டு வெளி, கருத்தரங்க அறை ஆகிய ஒவ்வொன்றிற்கும் பதிவேடு ஒன்றே இருத்தல் வேண்டும். அது தாளில் இருந்தாலும் கணினியில் இருந்தாலும் நன்றே. இரண்டிலும் இருத்தல் தீதே. அதனை மண்டபக் காவலரும், கூட்டிப் பெருக்குவாரும், மாணவரும் எந்நேரமும் காணுமாறு வைத்தல் வேண்டும். இரண்டாவது, அதில் எழுதும் உரிமை ஒருவர்க்கே இருத்தல் வேண்டும். அவர் விடுப்பிற் சென்றால் அவர்க்குப் பதிலாளும் ஒருவரே. மூன்றாவது, நாளைக் குறிக்குங்கால் கிழமை, தேதி, மாதம் மூன்றனையும், தொடங்கும் வேளையோடு மண்டபத்தை ஒழித்துக் கொடுக்கும் வேளையையும் எழுதுதல் வேண்டும். கிழமையும் தேதியும் பொருந்தாவிடின் பிழை அப்பொழுதே தெரிந்துவிடும். நான்காவது, இரு கூட்டங்களுக்கிடையே அரைமணி நேரம் எவர்க்கும் தரப்படாமல் இருத்தல் வேண்டும். ஐந்தாவது, உறுதியாகாத பதிவைப் பென்சிலால் எழுதி, மூன்று நாட்களில் உறுதி செய்யாவிடின் அழித்துவிடுதல் வேண்டும். ஆறாவது, இத்தனையும் மீறி ஓரிடம் இருவர்க்குக் கொடுக்கப்பட்டுவிட்டால், முந்தியவர்க்கே இடம். பிந்தியவர்க்கு மாற்றிடம் தேடித்தருவது பிழை செய்தவரின் கடமை. இவற்றிற்குப் பெரும்பொருட்செலவு ஒன்றுமில்லை. ஒரு பேரேடும், ஒரு பென்சிலும், சிறிது உறுதியும் போதும்.

இவ்வளவும் கல்லூரிக்குக் கூறியதோடு அமைந்துவிடின், நான் என் பங்கைப் பிறர் தலையில் ஏற்றியவனாவேன். நம் ஒவ்வொருவர் பொழுதும் ஒரு மண்டபமே. அதற்கும் இரு வாக்குக் கொடுத்து வருகின்றோம். ஒரே முகூர்த்த நாளில் இரு நண்பர் வீட்டுத் திருமணம் வந்தால், இருவரிடத்தும் "கட்டாயம் வருகிறேன்" என்று சொல்லி, அன்று ஒருவர் வீட்டுப் பந்தியில் நம் இலையை வெறுமனே விடுகின்றோம். மறுப்பது வருத்தம் தரும் என்றஞ்சி இன்று ஒப்புக்கொள்கின்றோம். அவ்வருத்தத்தைப் பத்துமடங்காக்கி அன்று கொடுக்கின்றோம். "பார்த்துச் சொல்கிறேன்" என்னும் சொல்லில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. பார்க்காமற் சொல்வதிலேயே அஃது உளது. பிழை நேர்ந்துவிட்டதென அறிந்த மறுகணமே, மற்றவர் புறப்படுமுன்னர், நாமே சென்று நம் வாயாற் சொல்லிவிடுதல் வேண்டும். முந்தின நாள் சொன்னால் அது செய்தி; வாயிலில் வந்து நின்றபின் சொன்னால் அஃது அவமதிப்பு.

இவ்வாண்டு ஆடி மாதத்தில், தமிழ் மன்றத்தின் புதிய செயலாளரோடு சென்று அப்பெரியவரைக் கண்டேன். திண்ணையில் அமர்ந்து நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். சென்ற ஆண்டு நிகழ்ந்தது காவலர் பிழையன்று, என் பிழையே என்று சொல்லி, மன்னிப்பு வேண்டி, எஞ்சிய பன்னிரண்டு தாள்களையும் நாங்கள் கேட்க வேண்டும் என்றேன். அவர் சிறிது நேரம் என்னை நோக்கியிருந்து, "தாள் அப்படியேதான் இருக்கிறது. வருகிறேன். ஆனால் தம்பி, மண்டபத்தை எழுதி வாங்கிவிட்டுப் பிறகு எனக்கு நாள் சொல்" என்றார். திரும்பியவுடன் நேரே அலுவலகத்திற்குச் சென்றோம். பதிவேட்டைத் திறந்து, கிழமையும் தேதியும் வேளையும் எங்கள் கண்முன்னே எழுதுவித்து, அதனைக் காவலருக்கும் காட்டியபின்னரே அவருக்குக் கடிதம் எழுதினோம். அக்கூட்டம் நடைபெறும் நாளில் மண்டபத்தின் வாயில் நமக்காகத் திறந்திருக்கும் என்று இம்முறை நான் துணிந்து கூறுவேன். நண்பர்கள் யாவரும் வந்திருந்து கேட்பீர்களாக. அன்று மாலைக்கு வேறெவருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதிருப்பீர்களாக.